19570831: ஓர் எட்டு இலக்க எண்ணைப் பிரித்து அதன் குணங்களைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு இந்த எண்ணைப் பல முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. வரிசை தவறித்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பகாக் காரணிகளை (மேலும் பிரிக்க முடியாத பகா எண்களான காரணிகளை) உறுதி செய்யாமலே "இதற்கு எத்தனை காரணிகள்?" என்று தாவிவிடுவார்கள். ஓர் எண்ணின் காரணிகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை என்ன, வர்க்கங்களாக அதை எழுத முடியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதன் பகாக் காரணிகளில் இருக்கிறது. அந்த அடித்தளம் தவறினால் மேலே கட்டுவதெல்லாம் தவறு. அதனால் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படித்த பகா எண்தான் படிவம் 1-ல் மலாயில் வரும் 'நொம்போர் பெர்டானா'. புதுப் பாடம் என்று நினைத்துப் பயப்படும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

1. எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

நம் எண் 19570831. மெர்டேக்கா நாளை, அதாவது மலாயா சுதந்திரம் பெற்ற நாளை, ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் வருவது. மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களிலும் பிறந்த தேதி இதே வரிசையில்தான் இருக்கும். நாளை முன்னால் வைத்தால் 31081957 வரும். அது வேறு எண், அதன் காரணிகளும் வேறு. இலக்கங்கள் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: 19 570 831. நான்காம் படியில் இந்தப் பிரிப்பு தேவைப்படும். இடப்பக்கத்திலிருந்து 195 708 31 என்று பிரித்தால் அந்தப் படி முழுதும் பாழாகும். எப்படி என்பதை அங்கே காட்டுகிறேன்.

இன்னொன்று: பயிற்சிக்கு உங்கள் மைகார்டு எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ எடுக்காதீர்கள். வேலை செய்த தாள் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், சாதாரண கால்குலேட்டர், 250 வரையான பகா எண்களின் பட்டியல்.

பட்டியலை நீங்களே போடுங்கள். 1 முதல் 250 வரை எழுதி, 1-ஐ அடித்துவிட்டு, 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றை அப்படியே விட்டு, அவற்றின் மற்ற மடங்குகளை அடித்துக்கொண்டே வாருங்கள். இந்த ஆறு எண்களோடு நிறுத்தலாம், ஏனென்றால் அடுத்த பகா எண் 17. 17 × 17 = 289, அது 250-ஐத் தாண்டிவிட்டது. அடிபடாமல் நிற்பவற்றை எண்ணுங்கள். 53 இருக்க வேண்டும்.

53-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கும்: 91, 119, 133, 143, 161, 187, 203, 209, 217, 221, 247. பார்வைக்குப் பகா எண் போலிருக்கும், ஆனால் அனைத்தும் பகு எண்கள். 91 = 7 × 13, 221 = 13 × 17. இப்படி ஒன்று புகுந்தால் வீண் வேலைதான், விடை கெடாது. ஒரு பகா எண் விட்டுப்போனால் நிலைமை வேறு. நீங்கள் தேடும் காரணியே அதுவாக இருக்கலாம்.

கால்குலேட்டரிலும் ஒரு குழி உண்டு. எட்டு இலக்கம் மட்டும் காட்டும் கருவியில் 19000001-ஐ 19-ஆல் வகுத்துப் பாருங்கள். திரையில் 1000000 என்று நிற்கும். உண்மையில் மீதி 1 இருக்கிறது. ஏழு இலக்க ஈவுக்குப் பின் புள்ளிக்கு அப்பால் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறது, 0.05 அதில் ஏறாது. அதனால் "முழு எண்ணாக வந்தது" என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். ஈவை வகுத்தியால் திரும்பப் பெருக்கிக் கழித்து, மீதியை எழுதுங்கள்.

3. எதுவரை தேட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதினால், அவற்றில் ஒன்றாவது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இரண்டுமே தாண்டினால் பெருக்கல் எண்ணைவிடப் பெரிதாகிவிடும். எனவே தேடல் வர்க்கமூலத்தோடு முடிகிறது.

4423 × 4423 = 19562929. 4424 × 4424 = 19571776. நம் எண் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் எல்லை 4423.

இந்த இடத்தில் பிள்ளைகள் முகம் வாடும். "டீச்சர், 4423 வரைக்கும் போகணுமா?" என்று ஒரு மாணவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். போக வேண்டியிருக்காது. இந்த எல்லை நிலையானதன்று. ஒவ்வொரு காரணி கிடைக்கும்போதும் இறங்கும். அது இறங்குவதைக் கவனிக்காமல் 4423-ஐயே பிடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் பாதியில் கைவிடுகிறார்கள். நோட்டின் மேல் ஓரத்தில் "எல்லை: 4423" என்று எழுதி வையுங்கள், பின்னால் அடித்துத் திருத்துவோம்.

4. வகுக்காமலே தள்ளக்கூடியவற்றைத் தள்ளுங்கள்

கடைசி இலக்கம் 1. எனவே 2-ம் 5-ம் இல்லை.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 1+9+5+7+0+8+3+1 = 34. 34, 3-ஆல் வகுபடாது. எனவே 3 இல்லை, 9-ம் இல்லை. 34-ஐ ஓரத்தில் குறித்து வையுங்கள், சரிபார்க்கும்போது வேண்டும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் பயன்படும் சோதனை. 7 × 11 × 13 = 1001. இதனால் மும்மூன்றாகப் பிரித்த தொகுதிகளை வலப்பக்கத்திலிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் வரும் சிறிய எண், 7, 11, 13 மூன்றுக்கும் மூல எண் தரும் அதே மீதியைத் தரும்.

831 − 570 + 19 = 280.

280 = 7 × 40, மீதி இல்லை. 11-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 7. மூன்று வகுத்தலுக்குப் பதில் ஒரே கழித்தல். முதல் காரணி 7 கிடைத்துவிட்டது.

இடப்பக்கத்திலிருந்து பிரித்தவர்களுக்கு 31 − 708 + 195 = −482 வரும். 482-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6. அவர்கள் 7-ஐ இல்லை என்று தள்ளிவிட்டு, கைக்கு வந்த காரணியை இழந்து, நாள் முழுதும் தேடுவார்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. 999 = 27 × 37 என்பதால் தொகுதிகளைக் கூட்டினால் 37-க்கு விடை தெரியும்: 19 + 570 + 831 = 1420, இதை 37-ஆல் வகுத்தால் மீதி 14. இல்லை. 101-க்கு இரண்டிரண்டாகப் பிரித்து மாற்றிக் கழிக்க வேண்டும்: 31 − 08 + 57 − 19 = 61. இல்லை.

5. காரணி கிடைத்ததும் நின்று மூன்று காரியம் செய்யுங்கள்

முதலில் வகுங்கள்: 19570831 ÷ 7 = 2795833. திரும்பப் பெருக்கிப் பாருங்கள்.

இரண்டாவதாக, அதே 7-ஐ மறுபடி சோதியுங்கள். ஒரு பகா எண் இரண்டு, மூன்று முறையும் காரணியாக வரலாம். 833 − 795 + 2 = 40, 7-ஆல் வகுத்தால் மீதி 5. எனவே 7 ஒரு முறைதான். இதைச் செய்யாமல் 11-க்குத் தாவுவது நான் அதிகம் பார்த்த பிழை.

மூன்றாவதாக, எல்லையைத் திருத்துங்கள். 1672 × 1672 = 2795584, 1673 × 1673 = 2798929. புதிய எல்லை 1672. மேலே எழுதிய 4423-ஐ அடித்துவிடுங்கள். பெரிய எண்ணை வகுக்காத 11, 13, 37, 101 இந்தச் சிறிய எண்ணையும் வகுக்காது. அவற்றைத் திரும்பத் தொட வேண்டாம்.

6. ஒவ்வொன்றாக வகுத்து, மீதியை எழுதுங்கள்

இனி 2795833-ஐ 17-இலிருந்து வகுத்துக்கொண்டு போக வேண்டும். நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: வகுத்தி, ஈவு, மீதி. வெறும் பெருக்கல் குறி போட்டு "இல்லை" என்று தள்ளாதீர்கள். மீதியை எழுதினால்தான் பிறகு வேறொருவர் சரிபார்க்க முடியும். மீதி வகுத்தியைவிடப் பெரிதாக வந்தால் கணக்கில் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும்.

17-க்கு மீதி 13. 19-க்கு 2. 23-க்கு 22. 29-க்கு 1. 31-க்கு 5. 41-க்கு 2. 43-க்கு 16. 47-க்கு 38. 53-க்கு 30. 59-க்கு 0.

இதில் 23-ம் 29-ம் வழுக்கும் இடங்கள். 23-ஆல் வகுத்தால் திரையில் 121557.95 என்று வரும். "ஏறக்குறைய 121558தானே" என்று முழுதாக்கிக் காரணி என்று எழுதியவர்கள் உண்டு. 23 × 121558 = 2795834, ஒன்று கூடிவிட்டது. 29-ஆல் வகுத்தால் 96408.034, இங்கே ஒன்று மிஞ்சுகிறது. வகுபடுதல் என்பதில் 'ஏறக்குறைய' கிடையாது.

59 × 47387 = 2795833. இரண்டாவது காரணி கிடைத்தது.

மறுபடி அதே மூன்று காரியம். வகுத்தாயிற்று. 59-ஐ மறுபடி சோதித்தால் 59 × 803 = 47377, மீதி 10; எனவே ஒரு முறைதான். எல்லை: 217 × 217 = 47089, 218 × 218 = 47524. புதிய எல்லை 217.

4423, பிறகு 1672, இப்போது 217. பென்சிலைக் கீழே வைத்த அந்த மாணவி இந்த மூன்று எண்களையும் பார்த்துவிட்டு அதை மறுபடி எடுத்தாள்.

7. கடைசியில் நிற்பது பகா எண்தானா என்று நிரூபியுங்கள்

47387-ஐப் பார்த்ததும் "இது பகா எண் மாதிரி இருக்கு" என்று நிறுத்திவிடத் தோன்றும். தோற்றம் சான்றாகாது. 2795833-உம் அப்படித்தான் தோன்றியது.

59-க்குக் கீழான எதுவும் முன்னாலேயே தள்ளப்பட்டுவிட்டது, 59-ஐ இப்போதுதான் பார்த்தோம். மிஞ்சியிருப்பவை 61 முதல் 211 வரையான 30 பகா எண்கள். அவற்றில் 101-ஐ நான்காம் படியிலேயே தள்ளிவிட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க அதையும் மறுபடி வகுப்பதில் தவறில்லை. 211-க்கு அடுத்த பகா எண் 223, எல்லைக்கு வெளியே.

கைப்பழக்கம் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடியும். உங்கள் மீதிகளை ஒப்பிட: 61-க்கு 51, 101-க்கு 18, 103-க்கு 7, 127-க்கு 16, 149-க்கு 5, 167-க்கு 126, 199-க்கு 25, 211-க்கு 123. எதிலும் பூச்சியம் வரவில்லை. எனவே 47387 பகா எண். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

19570831 = 7 × 59 × 47387.

8. ஒன்பதால் ஒரு முறை, பதினொன்றால் ஒரு முறை சரிபாருங்கள்

ஒன்பதால்: மூல எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 34, அதிலிருந்து 3 + 4 = 7. காரணிகளில் 7-க்கு 7, 59-க்கு 14, அதாவது 5, 47387-க்கு 29, அதாவது 11, அதாவது 2. பெருக்கினால் 7 × 5 × 2 = 70, மறுபடி 7. பொருந்துகிறது.

ஆனால் இது மட்டும் போதாது. ஒரு படிவம் 4 மாணவன் நோட்டில் 47387-க்குப் பதில் 47837 என்று எழுதியிருந்தான். 3-ம் 8-ம் இடம் மாறிவிட்டன. "டீச்சர், ஒம்பதால பார்த்தேன், சரியாத்தான் வருது" என்றான். ஆமாம், வரும். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே!

பதினொன்றால் பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். மூல எண்ணுக்கு மீதி 5 என்று நான்காம் படியிலேயே தெரியும். 47387-க்கு 7 − 8 + 3 − 7 + 4 = −1, அதாவது 10. 59-க்கு 4. 7 × 4 × 10 = 280, மீதி 5. பொருந்துகிறது. அவன் எழுதிய 47837-க்கு 7 − 3 + 8 − 7 + 4 = 9; 7 × 4 × 9 = 252, மீதி 10. பொருந்தவில்லை. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினால் பதினொன்று கட்டாயம் பிடித்துவிடும்.

9. இப்போது குணங்களைச் சொல்லலாம்

காரணிகளின் எண்ணிக்கை: ஒவ்வொரு பகாக் காரணியையும் எடுக்கலாம், விடலாம். 2 × 2 × 2 = 8. அவை 1, 7, 59, 413, 47387, 331709, 2795833, 19570831. மூன்று என்று விடை எழுதுகிறவர்கள் பகாக் காரணிகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஆறு என்று எழுதுகிறவர்கள் 1-ஐயும் எண்ணையும் மறந்தவர்கள்.

காரணிகளின் கூட்டுத்தொகை: (1+7) × (1+59) × (1+47387) = 8 × 60 × 47388 = 22746240. எட்டையும் தனியே கூட்டியும் பாருங்கள், இதே விடை வரும். எண்ணைத் தவிர்த்து மற்ற ஏழின் கூட்டுத்தொகை 3175409. அது எண்ணைவிடக் குறைவு என்பதால் இது குறை எண்.

1 முதல் இந்த எண் வரை, இதோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? 6 × 58 × 47386 = 16490328. இதைக் கணக்கிடும் வழி கணித மேதை ஆய்லருடையது. இணையத்தில் தகவலை மறைத்து அனுப்பப் பயன்படும் ஆர்எஸ்ஏ (RSA) பூட்டின் உள்ளேயும் இதே கணக்குத்தான். அங்கே பகாக் காரணிகள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை என்பதால் வெளியாள் பிரிக்க முடியாமல் நிற்கிறார்.

இனி வர்க்கங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒற்றைப்படை எண்ணை இரண்டு காரணிகளாக எழுதினால், அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியும் வித்தியாசத்தில் பாதியும் நமக்கு ஒரு வர்க்க வித்தியாசத்தைத் தரும். 413 × 47387-ஐ எடுங்கள். கூட்டினால் 47800, பாதி 23900. கழித்தால் 46974, பாதி 23487. அதாவது 23900-இன் வர்க்கத்திலிருந்து 23487-இன் வர்க்கத்தைக் கழித்தால் சரியாக 19570831: 571210000 − 551639169. காரணி இணைகள் நான்கு என்பதால் இப்படி நான்கு வழிகள் உண்டு. மற்ற மூன்றையும் நீங்கள் போடுங்கள். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த வர்க்கங்கள் பிழை காட்டும், கையால் பெருக்குங்கள்.

வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஏதாவது ஒற்றைப்படை முறை காரணியாக வந்தால், எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. நம் 7, 59, 47387 மூன்றுமே மீதி 3 தருபவை. இரண்டு போதாது.

மூன்று? கடைசி மூன்று இலக்கங்கள் 831, 8-ஆல் வகுத்தால் மீதி 7. ஒரு முழு எண்ணின் வர்க்கம் 8-ஆல் வகுக்கும்போது 0, 1, 4 என்ற மீதிகளை மட்டுமே தரும். அந்த மீதிகளில் எந்த மூன்றை எடுத்துக் கூட்டினாலும், ஒன்றையே திரும்ப எடுத்தாலும், 7 வராது. மீதியை எழுதிப் பாருங்கள். எனவே மூன்றும் போதாது.

எந்த இயல் எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று கணித மேதை லக்ராஞ்சு 1770-இல் நிரூபித்தார். நம் எண்ணுக்குச் சரியாக நான்கு தேவை. தேடும் வழி: பெரிய வர்க்கத்தை முதலில் எடுங்கள். 4423-இன் வர்க்கம் போக மிச்சம் 7902. அதிலிருந்து 2, 6, 10 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் இரண்டு வர்க்கங்களாகப் பிரியாது. 14-இன் வர்க்கமான 196-ஐக் கழித்தால் 7706, அது 4225 + 3481. ஆக, 4423, 65, 59, 14 ஆகிய நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் 19570831. 59 மறுபடியும் வந்து நிற்பதைப் பார்த்து வகுப்பில் எல்லாரும் எழுந்து வந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். அது தற்செயல்தான், ஆனாலும் எழுந்து வந்து பார்க்கத் தகுந்த தற்செயல்.

10. கணினிக்குப் போவதானால்

கையால் ஒரு முறை முடித்த பிறகு போங்கள். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்காது. 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும், எச்சரிக்கையும் வராது. பைதான் நிரல்மொழியின் முழு எண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் வகுக்கும்போது இரட்டைச் சாய்கோடு போடுங்கள். ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை தசம எண்ணாக மாறிவிடும். 9007199254740992-க்கு மேல் போனால் அது எல்லா முழு எண்களையும் துல்லியமாகக் காட்டாது.

11. அடுத்த எண்

தேதியைத் திருப்பிப் போட்ட 31081957-ஐ எடுங்கள். எல்லை 5575. இலக்கக் கூட்டுத்தொகை அதே 34. 957 − 081 + 31 = 907 என்பதால் 7-க்கு மீதி 4, 11-க்கு 5, 13-க்கு 10. பிறகு 17-க்கு 7, 19-க்கு 9, 23-க்கு 10, 29-க்கு 18, 31-க்கு 24, 37-க்கு 33, 41-க்கு 21, 43-க்கு 9, 47-க்கு 11, 53-க்கு 1. இதுவரை உங்கள் நோட்டும் இதையே காட்டினால், 59-இலிருந்து தொடருங்கள்.